இரண்டு அமாவாசைகளுக்கு நடுவே

பள்ளிக்கூடத்திலிருந்து வரும் சுற்றறிக்கையில் எந்தத் தேதி குறித்திருந்தாலும் சரி, எங்கள் வீட்டில் விடுமுறை என்பது பரணிலிருந்து தகரப் பெட்டி இறங்கும் நாளில்தான் ஆரம்பமாகிறது. மகாளய அமாவாசையன்று மத்தியானம், தர்ப்பணம் முடிந்து, வாழைக்காய்க் கறியும் பாயசமுமாக உண்ட சாப்பாட்டின் மந்தம் இன்னும் கலையாத வேளையில், என் மகன் ஏணியில் ஏறிப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்க, கீழே அவனுடைய எட்டு வயது மகளும், நாலு வயது இன்னும் நிரம்பாத மகனும், ஆகாய விமானம் தரையிறங்குவதை மேற்பார்வை பார்க்கும் உத்தியோகஸ்தர்களைப் போல நின்றுகொண்டு, "லெஃப்ட்ல வா, ரைட்ல வா" என்று உத்தரவு போட்டுக்கொண்டிருப்பார்கள். அவன் இறங்கித் தரையில் கால் வைத்ததும் இருவரும் கை தட்டுவார்கள். அந்தக் கைதட்டலோடு எங்கள் வீட்டுப் பண்டிகைக் காலம் பிறந்துவிடும்.

2025-ஆம் ஆண்டில் அந்த அமாவாசை செப்டம்பர் 21-ஆம் தேதி வந்தது. தீபாவளி அக்டோபர் 20-ஆம் தேதி. நவராத்திரியையும் தீபாவளியையும் இரு வேறு பண்டிகைகளாகவே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்தாலோ, ஓர் அமாவாசைக்கு மறுநாள் கொலு, அடுத்த அமாவாசையை ஒட்டிய சதுர்த்தசியில் கங்கா ஸ்நானம் என்று, இரண்டுக்கும் நடுவே சந்திரன் ஒரு தரம் வளர்ந்து ஒரு தரம் தேய்கிற அவகாசந்தான் இருப்பது தெரியவரும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இந்த 29 நாளும் ஒரே பண்டிகை. காலாண்டு விடுமுறை, பள்ளிக்கூடம் மறுபடி திறப்பது, திருத்திய விடைத்தாளில் அப்பாவிடமா அம்மாவிடமா கையெழுத்து வாங்குவது என்ற சங்கடம், பருவமழையின் முதல் தூற்றல் ஆகிய யாவும் அதன் உட்பிரிவுகள்.

பெட்டியைத் திறந்ததும் அந்துருண்டையும் பழைய காகிதமும் நைந்த வேஷ்டித் துணியும் கலந்த ஒரு வாசனை கூடத்தை நிறைக்கும். ஒவ்வொரு பொம்மைக்கும் அதற்கென்று ஒரு துணி, அதற்கென்று ஒரு காகிதம். செட்டியார் பொம்மையை இன்றைக்கும் 1987 டிசம்பர் கடைசி வாரத்து நாளிதழ் ஒன்றில்தான் சுற்றி வைத்திருக்கிறோம். எம்.ஜி.ஆர். மறைந்த செய்தியைத் தாங்கிய அந்தத் தாளைப் பேத்தி எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "எம்.ஜி.ஆர்.னா அந்த ரயில்வே ஸ்டேஷன்தானே தாத்தா?" என்று கேட்டாள். சென்னை சென்ட்ரலுக்கு அவருடைய பெயர் வைத்தது 2019-இல். அவளுக்கு நினைவு தெரிந்த நாளாக அந்தப் பெயர் ஒலிபெருக்கியில் கேட்கும் பெயர். ஒரு சகாப்தத்தை விளக்க முற்பட்டு நான் ஆரம்பிப்பதற்குள், அவள் காகிதத்தை என் மடியில் போட்டுவிட்டுச் செட்டியாரின் மனைவியைத் தேடப் போய்விட்டாள்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது மரப்பாச்சி ஜோடி. என் மனைவி கல்யாணமாகி வந்தபோது அவளுடைய தாயார் கொடுத்தனுப்பியது, செம்மரத்தில் செதுக்கியது. சேஷாசல மலையையும் அதைச் சுற்றிய காடுகளையும் தவிர வேறெங்கும் தானாக வளராத மரம் அது. அதை வெட்டவும் விற்கவும் இப்போது கடுமையான கட்டுப்பாடு இருப்பதால், இந்நாளில் கடைக்கு வரும் மரப்பாச்சிகளில் பல வேறு மரத்தில் செய்து நிறம் ஏற்றியவை. எங்கள் ஆண் மரப்பாச்சியின் இடது தோளில் நாலு சிறு பள்ளங்கள் இருக்கின்றன. பல் முளைக்கும் பருவத்தில் என் மகன் கடித்த அடையாளம். அந்தக் காலத்தில் மரப்பாச்சியைக் குழந்தை வாயில் வைத்துக்கொள்வதை யாரும் தடுப்பதில்லை. அந்த மரத்தை உரைத்துக் குழந்தையின் உடம்பில் பூசுகிற வழக்கமே இருந்தது. இப்பொழுது அதே மகன், தன் பிள்ளை அதை வாயருகே கொண்டுபோனால், "சீ, அழுக்கு!" என்று பிடுங்குகிறான். தோளைத் திருப்பிக் காட்டினால் சிரிக்கிறான். ஆனால் பொம்மையைத் திருப்பிக் கொடுப்பதில்லை.

என் பால்யத்தில், கும்பகோணத்தில், கொலுப்படி என்று தனியாக ஒரு வஸ்து வீட்டில் கிடையாது. அரிசி டின், டிரங்குப் பெட்டி, பெஞ்சு, ஊஞ்சற்பலகை, அடுக்கி வைத்த பழைய புஸ்தகக் கட்டு என்று அகப்பட்டதையெல்லாம் உயரவாரியாக நிறுத்தி, மேலே வெளுத்த வேஷ்டியைப் போர்த்திவிட்டால் அது கைலாசத்துக்குச் சமமாகிவிடும். அரிசி தேவைப்பட்டால் மூன்றாம் படியைக் கலைத்தாக வேண்டும் என்பது ஒன்றுதான் அதிலிருந்த குறை. இந்தக் காலத்துப் படிகள் இரும்புத் தகட்டில் வந்து, நட்டும் போல்ட்டுமாக இணைகின்றன. மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையாக வைப்பது சம்பிரதாயம். மாம்பலத்து அடுக்குமாடிக் குடியிருப்பின் கூடம் எங்களுக்கு ஐந்துதான் அனுமதித்திருக்கிறது. நட்டுகளை ஒரு பால் டம்ளரில் போட்டுச் சின்னவன் கையில் கொடுத்து, அப்பா கேட்கும்போது ஒவ்வொன்றாக எடுத்துத் தர வேண்டும் என்று சொல்லியிருந்தோம். இருபது நிமிஷம் அவன் அசையவில்லை. அந்த இருபது நிமிஷத்தில் வீட்டில் நிலவிய அமைதியை நான் நெடுநாள் அனுபவித்ததில்லை. அதைக் கவனித்தபோதுதான் இந்தக் கட்டுரைக்கான எண்ணமே எனக்கு உதயமாயிற்று.

கொலு என்பது, யோசித்துப் பார்த்தால், குழந்தைகளுக்குச் செய்யப்படும் ஒரு பெரிய அநியாயம். வருஷம் முழுவதும் பெட்டிக்குள் இருந்த நூறு பொம்மைகளை எடுத்து, துடைத்து, அவர்கள் கண்ணுக்கு நேரே, கை எட்டும் உயரத்தில் அடுக்கி, விளக்கும் போட்டுவிட்டு, "தொடாதே" என்று சொல்கிறோம். இதைவிடக் கொடிய சோதனையைத் தவசிகளுக்குக்கூடத் தேவர்கள் ஏற்படுத்தியதில்லை. ஆனால் இந்த வழக்கத்தை உண்டாக்கியவர்கள், அவர்கள் யாராக இருந்தாலும், அந்தத் தடைக்குக் காலடியிலேயே ஒரு மாற்று ஏற்பாடும் செய்து வைத்தார்கள். கடைசிப் படிக்குக் கீழே, தரையில், ஒரு முழ நிலம் குழந்தைகளுக்குப் பாத்தியம். அதற்குப் பெயர் பார்க்.

எங்கள் பார்க்குக்கு மண் எடுத்தது மொட்டை மாடித் துளசித் தொட்டியிலிருந்து. மூலையில் ஒரு மலை, மலைமேல் முருகன், நடுவில் உடைந்த கண்ணாடித் துண்டினால் ஒரு குளம், குளத்தில் நாலு பிளாஸ்டிக் வாத்து. அமாவாசையன்றைக்கே கடுகையும் கேழ்வரகையும் தெளித்துத் தண்ணீர் தெளித்துவிட்டால் மூன்றாம் நாள் நாலாம் நாள் வாக்கில் முளை கிளம்பிவிடும் என்று பாட்டி வாக்களித்திருந்தாள். சின்னவனுக்கு மூன்றாம் நாள் வரையில் காத்திருக்கிற வல்லமை இல்லை. மணிக்கு ஒரு தரம் போய்ச் சுட்டுவிரலால் மண்ணைக் கிளறி, ஒரு கடுகைத் தோண்டி எடுத்து, வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, மறுபடியும் புதைத்துவிட்டு வருவான். இரண்டாம் நாள் சாயங்காலம் அப்படி எடுத்த கடுகு ஒன்றின் தோல் பிளந்து, அதிலிருந்து நூலிழையைப் போல வெள்ளையாக ஏதோ நீண்டிருந்தது. "தாத்தா, இதுக்கு வால் வந்துடுத்து" என்று அவன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்தான். எத்தனையோ வருஷங்களாகக் கடுகு தாளித்த வாசனையில் எழுந்து அதே வாசனையில் சாப்பிட உட்கார்ந்த நான், கடுகுக்கு உயிர் உண்டு என்பதை அன்றைக்குத்தான் பிரத்தியட்சமாகக் கண்டேன். கிளறலுக்குத் தப்பிய விதைகள் நாலாம் நாள் பச்சைப் பசேலென்று எழுந்து நின்றன. கிளறப்பட்ட பகுதி மட்டும் வெறுந்தரையாகக் கிடந்தது. அங்கே கட்டட வேலை நடப்பதாக அறிவித்து, அவன் தன் மஞ்சள் நிற ஜே.சி.பி. வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டான்.

பேத்திக்கு இது சம்மதமில்லை. பிருந்தாவனத்தில் ஜே.சி.பி. எப்படி வரும் என்பது அவள் வாதம். குளம் வெட்டுவதற்கு வந்திருக்கிறது என்பது அவன் பதில். இந்த வியாஜ்யம் பாட்டியின் சந்நிதானத்துக்கு வந்தபோது, குளம் வெட்டுவது புண்ணிய காரியமென்று அவள் தீர்ப்பளித்தாள். அதன்பின் வந்து பார்த்த மாமிகள் ஒருவர் பாக்கியில்லாமல் மேற்படியில் இருந்த தசாவதாரத்தை ஒரு க்ஷணம் பார்த்துவிட்டு, ஜே.சி.பி.யைப் பற்றி ஐந்து நிமிஷம் விசாரித்தார்கள்.

கடையில் விற்பதை வாங்கிக் கொடுத்துக் குழந்தைகளைச் சந்தோஷப்படுத்திவிடலாம் என்பது நம் காலத்து நம்பிக்கை. பண்டிகை தினங்களில் சிணுங்குகிற குழந்தையை உற்றுப் பாருங்கள்: அதற்குப் பட்டுப்பாவாடையோ பலகாரமோ குறைவாக இருக்காது, அதனிடம் யாரும் ஒரு வேலையும் கொடுத்திருக்க மாட்டார்கள். ஆளுக்கு ஆள் ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் தான் ஒருத்தன்தான் வேலையற்றவன் என்பதைப் போன்ற அவமானம் வேறில்லை. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவனாகிய எனக்கு அது நன்றாகத் தெரியும். நட்டு எடுத்துக் கொடுப்பது, கடுகு தெளிப்பது, குங்குமச் சிமிழைத் தூக்கிக்கொண்டு நாலு வீடு போய் அழைத்து வருவது என்று, கைக்கு அடக்கமான காரியங்களை இந்த மாதம் முழுவதும் நம் வழக்கங்கள் இறைத்து வைத்திருக்கின்றன. அவற்றைப் பொறுக்கிக் குழந்தையின் கையில் கொடுப்பதற்குத்தான் நமக்கு நேரமில்லை. நாமே செய்தால் சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

புதிதாக ஒரு பொம்மையாவது வருஷத்துக்கு வாங்க வேண்டும் என்பது விதி. மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில், கபாலீசுவரர் கோயிலுக்குப் பக்கத்தில், அந்த நாட்களில் நடைபாதை முழுவதும் தேவலோகமாக இருக்கும். பண்ருட்டியிலிருந்தும் காஞ்சிபுரத்திலிருந்தும் வந்த மண் பொம்மைகள் ஒரு பக்கம். காகிதக் கூழில் செய்த, கனமில்லாத பொம்மைகள் மற்றொரு பக்கம். மதுரைக்கு அருகே விளாச்சேரியில் இந்தத் தொழிலையே குலத்தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். களிமண்ணை மிதித்துப் பதமாக்கி, அச்சில் அழுத்தி எடுத்து, நிழலில் உலர்த்தி, சூளையில் சுட்டு, வெள்ளை அடித்து, வர்ணம் தீட்டி, எல்லாவற்றுக்கும் கடைசியாகக் கண் திறப்பார்கள். பேத்தி ஒரு கல்யாண செட்டைக் கேட்டாள். விலையைக் கேட்டதும் நான் ஒரு காய்கறிக்காரியைச் சிபாரிசு செய்தேன். அவள் நெடுநேரம் யோசித்து, ஒரே மாதிரி அச்சில் வார்த்த பத்துக் காய்கறிக்காரிகளில், ஒரு கண் சற்றே மேலே ஏறிப்போன ஒருத்தியைத் தேர்ந்தெடுத்தாள். "இவதான் என்னைப் பாக்கறா" என்றாள்.

சுண்டலைப் பற்றி எழுத எனக்கு அருகதை இல்லை. பண்டிகைகளின் மகிமையைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதி வந்திருக்கும் புருஷர்களில் எத்தனை பேர் முதல் நாள் இரவே கொண்டைக்கடலையை ஊறப்போட்டவர்கள் என்று ஒரு கணக்கு எடுத்தால், அந்த இலக்கியத்தின் பெரும்பகுதி அடிபட்டுப் போகும். என் மருமகள் காலையில் ஒன்பது மணிக்கு ஆபீசுக்குப் புறப்பட்டு மாலை ஏழு மணிக்குத் திரும்புகிறவள். அவளுடைய கம்பெனியில் காலாண்டு விடுமுறை என்று ஒன்று கிடையாது. வீட்டில் இரண்டு குழந்தைகள், முழங்கால் வலியுள்ள மாமியார், மாலையானால் தாம்பூலத்துக்கு வரும் மாமிகள். ஆகவே ஊறப்போடும் இலாகா என் பொறுப்பில் விடப்பட்டது. நாலாம் நாள் இரவு நான் மறந்து போனேன். காலையில் பாத்திரத்தில் கடலை கல்லாகக் கிடந்ததைப் பார்த்து மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. பயத்தம்பருப்பை எடுத்து ஊறப்போட்டுவிட்டு ஆபீசுக்குப் போனாள். அந்த மௌனத்துக்கு நான் நவராத்திரி முடியும் வரை பரிகாரம் செய்தேன். அந்தப் பரிகாரமும் வழக்கத்தைவிட ஒரு நாள் நீண்டது: திதி ஒன்று இரண்டு நாள் நீடித்ததால் அந்த வருஷத்து நவராத்திரி செப்டம்பர் 22 முதல் அக்டோபர் 1 வரை பத்து இரவாக அமைந்து, எங்கள் வீட்டில் ஒரு சுண்டல் கூடுதலாயிற்று.

மாலை வேளைகளில் பேத்தி பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாடிக்கு மாடி போய், "எங்காத்துல கொலு வெச்சிருக்கோம், மஞ்சள் குங்குமம் வாங்கிக்க வாங்கோ மாமி" என்று அழைப்பாள். கூடவே, தலையில் மயிற்பீலி செருகி, ஒரு கையில் புல்லாங்குழலும் மறு கையில் ஜே.சி.பி.யுமாகக் கிருஷ்ண பரமாத்மா போவார். போன இடத்தில் ஒரு பாட்டுப் பாடினால்தான் சுண்டல். அவனுக்குத் தெரிந்தது, மழையை இன்னொரு நாள் வரச் சொல்லித் திருப்பி அனுப்பும் இங்கிலீஷ் பாட்டு ஒன்றுதான். வடகிழக்குப் பருவமழையை நம்பி ஏரிகளை வைத்திருக்கும் சென்னைப் பட்டணத்தில், புரட்டாசி மாதத்தில், அந்தப் பாட்டை நல்ல மனச்சாட்சியோடு யாரும் கேட்க முடியாது. ஆனாலும் எல்லா வீட்டிலும் கைதட்டி, சுண்டல் கொடுத்து அனுப்பினார்கள்.

சரஸ்வதி பூஜையன்று படிக்கக் கூடாது என்ற விதியைப் போன்ற தயை மிகுந்த விதி எந்த சாஸ்திரத்திலும் இருக்குமென்று நான் நினைக்கவில்லை. கணக்குப் புஸ்தகத்தை அடியில் வைத்து, மேலே இருக்கிற புஸ்தகங்களையெல்லாம் பாரமாக ஏற்றி, சந்தனம் இட்டுவிட்டால், ஒரு நாள் முழுவதும் அதைத் தொட்டால் பாவம். என் சிறு பிராயத்தில் இதில் ஒரு சிக்கல் இருந்தது. 1947-இல் ஆரம்பித்த 'அம்புலிமாமா' அப்பொழுது எங்கள் தெருவில் கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தது. அது புஸ்தகமா, அல்லவா? புஸ்தகமென்றால் படிக்கக் கூடாது. புஸ்தகமல்லவென்றால் மற்ற நாட்களில் பாடத்தை விட்டு அதைப் படிப்பதற்கு நியாயம் இல்லை. என் தகப்பனார் அதைப் புஸ்தகமென்று தீர்மானித்துப் பூஜையில் வைத்துவிட்டார். அப்படி வைத்ததால் அதற்கு ஏற்பட்ட கௌரவத்தை நான் வருஷம் முழுவதும் பயன்படுத்திக்கொண்டேன்.

இப்பொழுது பேத்தி எழுப்பிய கேள்வி வேறு. "ஆயுத பூஜைன்னா அவாவா வேலை செய்யற சாமானையெல்லாம் வைக்கணும்னு பாட்டி சொன்னா. அப்பாவோட ஆயுதம் எது?" மகன் தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து வைத்தான். மூடியின்மேல் சந்தனமும் குங்குமமும் ஏறின. "இது மட்டுமா?" என்றாள் அவள். அவன் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டான். பாட்டி கையை நீட்டினாள். அந்தக் கைபேசி கணக்குப் புஸ்தகத்துக்கும் தையல் கத்தரிக்கோலுக்கும் நடுவே, ஒரு சாமந்திப்பூவைச் சூடிக்கொண்டு, காலை பத்து மணியிலிருந்து படுத்திருந்தது. முதல் ஒரு மணி நேரம் அவன் கூடத்துக்கும் பூஜை அறைக்குமாக நடந்தான். பிறகு, வேறு வழியில்லாமல், பார்க்குக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஜே.சி.பி. எப்படி மண்ணை அள்ளும் என்பதை மகனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டான். இரவு ஒன்பது மணிக்கு அதைத் திருப்பி எடுத்தபோது, அதில் நாற்பத்தேழு செய்திகள் வந்திருந்தன. அவற்றில் பெரும்பாலானவை சரஸ்வதி பூஜை வாழ்த்துக்கள்.

மறுநாள், அக்டோபர் 2-ஆம் தேதி, விஜயதசமி. திருவாரூர் ஜில்லாவில் பூந்தோட்டத்துக்கு அருகே கூத்தனூரில் சரஸ்வதிக்குத் தனிக்கோயில் இருக்கிறது. அந்தத் தினத்தில் அங்கே எழுத்தறிவிப்பதற்காகக் குழந்தைகளைத் தோளில் சுமந்து வரும் கூட்டம் சொல்லி முடியாது. எங்கள் வீட்டில் தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி, சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு, அவன் சுட்டுவிரலைப் பிடித்து 'அ' எழுதுவித்தேன். கடுகு கிளறிய அதே விரல். மூன்று தரம் எழுதினோம். நாலாவது தரம் தன் விரலை என் பிடியிலிருந்து விடுவித்துக்கொண்டு, தாம்பாளத்தின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நீளமாக ஒரு கோடு இழுத்து, "இது ரோடு" என்றான். அதுவும் எழுத்துத்தான் என்று பாட்டி ஆரத்தி சுற்றிவிட்டாள்.

அன்று இரவு, மரப்பாச்சிகள் இரண்டையும் படுக்க வைக்கும் சடங்கு. கொலு முடிந்ததற்கு அறிகுறி அது. பேத்தி ஒரு கைக்குட்டையை மடித்துத் தலையணையாக வைத்தாள். "எப்போ முழிச்சுப்பா?" என்று சின்னவன் கேட்டான். "அடுத்த கொலுவுக்கு" என்றாள் பாட்டி. அவன் முகத்தில் படர்ந்த அனுதாபத்தைப் பார்க்க வேண்டும். மறுநாள் மத்தியானம் அவன் தூங்கிக்கொண்டிருந்த சமயத்தில், பொம்மைகளைக் கலைப்பதைப் பார்த்தால் அழுவான் என்ற நல்லெண்ணத்தினால், நாங்கள் மூவரும் அவசர அவசரமாகச் சுற்றி, அடுக்கி, பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டோம். அவனுக்கு வேலை கொடுக்காமல் நாங்களே முடித்த காரியம் அந்த மாதத்தில் அது ஒன்றுதான். அதன் பலனை அனுபவித்தோம்.

அன்று மாலையிலிருந்து ஜே.சி.பி.யைக் காணவில்லை. கட்டிலுக்கு அடியில், லிஃப்டில், எதிர்வீட்டு மாமியின் சோபா இடுக்கில், அரிசி டின்னில் என்று தேடாத இடமில்லை. புதிதாக வாங்கித் தருகிறேன் என்று மகன் சொன்னான். அதைவிடப் பெரியதாகவே வாங்கியும் வந்துவிட்டான். சின்னவன் அதை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எனக்குத் தெரியாத ஜே.சி.பி." என்று மேஜைமேல் வைத்தான். பள்ளிக்கூடம் திறந்தது, விடைத்தாள் வந்தது, மழையும் வந்தது. ஒவ்வொரு நாளும் தூங்கப்போகுமுன் அந்த வண்டியைப் பற்றிய விசாரணை ஒரு தரம் நடந்தது.

தீபாவளிக்கு முந்திய வாரங்களின் கடைத்தெரு அமளியைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்குப் போகிறவர்கள் 60 நாள் முன்னதாகவே ரயில் டிக்கெட்டுக்கு விடியற்காலையில் காத்துக் கிடந்து, சில நிமிஷத்தில் எல்லாம் தீர்ந்துபோக, கடைசியில் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறுகிறார்கள். எங்கள் நாளில் ஒரே துணியை ஒரே பீஸாக வாங்கி அண்ணன் தம்பி நால்வருக்கும் ஒரே தினுசில் சட்டை தைத்துவிடுவார்கள். நாங்கள் வரிசையாக நின்றால் ஒரு ஜன்னல் திரை நடப்பதுபோல இருக்கும். இப்போது ஆளுக்கொரு நிறம். அது முன்னேற்றந்தான்.

ஆனால் மருதாணி மட்டும் மாறவில்லை. கூம்பில் அடைத்து விற்கிற பசையை வேண்டாமென்று சொல்லிவிட்டு, தீபாவளிக்கு முதல் நாள் பாட்டி இலையை உருவி, கொட்டைப்பாக்கும் துளி புளியும் சேர்த்து அரைத்து, எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு இட ஆரம்பிப்பாள். விரல் நுனிகளில் தொப்பி. உள்ளங்கை நடுவில் ஒரு வட்டம், அதைச் சுற்றிப் புள்ளிகள். இட்ட க்ஷணத்திலிருந்து கைகள் இரண்டும் நம்முடையவை அல்ல. தண்ணீர் வேண்டுமானால் யாராவது புகட்ட வேண்டும். போர்வையை யாராவது இழுத்துவிட வேண்டும். அந்த நிலையில்தான், வேறு எந்த நேரத்திலும் அரிக்காத மூக்கு அரிக்க ஆரம்பிக்கும்.

"தாத்தா, மூக்கு அரிக்கறது."

சொறிந்துவிட்டேன்.

"அங்க இல்லே. மேலே. இன்னும் மேலே. அது கண்ணு தாத்தா."

இப்படி ஒரு மணி நேரம் போயிற்று. கையை விரித்தபடி, சிலுவையில் அறையப்பட்டவர்களைப் போல, இருவரும் பாயில் மல்லாந்து விட்டத்தைப் பார்த்துக் கிடந்தார்கள். புஸ்தகம் கிடையாது, கைபேசி கிடையாது, விளையாட்டு கிடையாது. கை இல்லாத மனுஷனுக்கு மிச்சம் இருப்பது ஞாபகம் ஒன்றுதான். பேத்தி விட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "டேய், உன் ஜே.சி.பி. கடைசி நாள் பார்க்குலதானே இருந்துது?" என்றாள். நானும் என் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சின்னவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். அந்த ராத்திரியில் பரண் ஏற முடியாதென்றும், நாளைக்கு நிச்சயம் என்றும், சத்தியம் செய்து கொடுத்த பிறகுதான் படுத்தான்.

நாலரை மணிக்கு எண்ணெய். காய்ந்த மருதாணி உதிர்ந்து பாயெங்கும் பச்சைத் தூள். கழுவிய கையில் செங்கல் நிறம். மணையில் உட்கார வைத்து, உச்சந்தலையில் பாட்டி எண்ணெய் வைக்க, சீயக்காய் கண்ணில் பட்டு இரண்டு பேரும் அலற, குங்குமம் தடவிய புதுச் சட்டை, நமஸ்காரம், பிறகு லேகியம். சுக்கும் ஓமமும் திப்பிலியும் வெல்லப்பாகில் கிளறிய அந்த உருண்டையை விழுங்கினால்தான் பட்சணம் என்பது சட்டம். குழந்தைகளுக்கு அதன்மேல் தேன் தடவிக் கொடுக்கும் லஞ்சமும் சட்டத்தில் அடக்கம். எல்லாம் முடிந்தபோது மணி ஐந்தே கால்.

இங்கேதான் பழைய சம்பிரதாயமும் புதிய சட்டமும் முட்டிக்கொள்கின்றன. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசுக்கு இரண்டு மணி நேரம் என்று வரையறுத்ததன் பேரில், தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரையும் மாலை 7 முதல் 8 வரையுமே வெடிக்கலாம் என்று அரசாங்கம் ஏற்பாடு செய்தது. இதைக் குறை சொல்லுபவர்கள் பலர். எனக்கோ, அந்த முக்கால் மணி நேரத்தைப் போல் இனிமையான நேரம் அந்த வருஷம் வாய்க்கவில்லை. ஸ்நானம் செய்து, புதுத் துணி உடுத்தி, கையில் பட்டாசுப் பையோடு வாசற்படியில் வரிசையாக உட்கார்ந்து ஆறு மணிக்காகக் காத்திருந்தோம். எதிர்வீட்டிலும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள், அடுத்த வீட்டிலும். மூன்று வருஷமாக ஒரே தெருவில் இருந்தும் பேசாதவர்கள் அன்று பேசினார்கள். தெருவில் இரவு மழையின் ஈரம். பேத்தி என் கைக்கடியாரத்தை வாங்கி வைத்துக்கொண்டு நிமிஷத்துக்கு நிமிஷம் அறிவித்துக்கொண்டிருந்தாள்; தெரு முழுவதற்கும் அவளே மணிக்கூண்டு.

கம்பி மத்தாப்பு எரிந்து முடிந்ததும் கம்பியை வாளித் தண்ணீரில் போடும் உத்தியோகம் சின்னவனுக்கு. எரியும்போது அதன் சூடு ஆயிரம் டிகிரியைத் தாண்டுமென்பதும், அணைந்த பிறகும் கம்பி நெடுநேரம் சுடும் என்பதும் பெரியவர்களே மறந்துவிடுகிற சமாசாரம். தரையில் கிடக்கும் கம்பியை மிதித்த கால்கள் எத்தனையோ. அவனோ அக்கா ஒவ்வொரு கம்பியையும் முடிக்கும் வரை வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போய், அது 'சொய்ங்' என்று சத்தம் போட்டு அணைவதை மத்தாப்பைக் காட்டிலும் ரசித்தான். சிவகாசிக்காரர்கள் இந்த ரசிகனை அறிந்தால் வருந்துவார்கள்.

மத்தியானம் வீடே உறங்கியது. நாலரை மணிக்கு எழுந்த களைப்பும், பட்சணத்தின் பாரமும் சேர்ந்து, ஆளுக்கொரு மூலையில் சாய்ந்துவிட்டார்கள். சின்னவன் மட்டும் என் மகனின் தலைமாட்டில் உட்கார்ந்து, அவனுடைய இமையை விரலால் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். சத்தியம் சத்தியந்தானே? மகன் எழுந்து ஏணியைக் கொண்டுவந்தான். பெட்டி மறுபடியும் இறங்கிற்று. இந்தத் தடவை கைதட்டல் இல்லை. "மெதுவா அப்பா" என்று கிசுகிசுத்தான் குழந்தை.

மூடியைத் திறந்தோம். அந்துருண்டை வாசனை எழுந்தது. வாத்துகளுக்குப் பக்கத்தில், ஒரு துணிச் சுருளுக்குள், ஜே.சி.பி. இருந்தது, அதன் கொட்டுவாயில் துளசித் தொட்டி மண்ணும், காய்ந்து சுருண்ட இரண்டு கடுகுச் செடிகளும். அவன் அதைச் சத்தமில்லாமல் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பெட்டிக்குள் மறுபடி எட்டிப் பார்த்தான். மரப்பாச்சிகள் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தன. போர்த்திய துணி ஒன்றின்மேலிருந்து நழுவியிருந்தது. சிவந்த விரல்களால் அதைக் கழுத்துவரை இழுத்துவிட்டான்.

அந்தச் சமயம் பார்த்துத் தெருக்கோடியில் எவனோ ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டான். மணி மூன்று. குழந்தை திடுக்கிட்டு, பெண் மரப்பாச்சியின் காதுகளை இரண்டு விரலால் பொத்திக்கொண்டு, மற்றதன் காதுகளை நான் பொத்த வேண்டுமென்று கண்ணால் ஜாடை காட்டினான்.